விடியற்காலை மூணு மணிக்குக் கதவுக்கு வெளியே குரல் – உங்கள் குப்பத்திலும் உண்டா?

ஊரூர் பேத்தி:

வணக்கம். நான் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகித் துரைப்பாக்கம் போய்விட்டேன். என் ஆயாவுக்கு இப்போது 81 வயது. போன தை மாதத்திலிருந்து நினைவு தப்பத் தொடங்கியிருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது மறந்துபோகிறது. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தின மழை நேற்றுப் பெய்தது போலச் சொல்கிறாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து, அவள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதில் ஒன்றைப் பற்றிக் கடற்கரை ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும்.

1978, ஐப்பசி. ஆயா வருஷத்தை எண்ணாகச் சொல்ல மாட்டாள். "பாலம் ஒடஞ்ச மறு வருசம்" என்பாள். அடையாறு கடலில் சேரும் இடத்தில் 1967-ல் கட்டி, 1977-ல் ஆறு அடித்துக்கொண்டு போன பாலம்தான் அவளுக்குக் காலண்டர். அப்போது ஃபைபர் போட்டெல்லாம் இல்லை, கட்டுமரம்தான். தாத்தாவும் அவருடைய மச்சானும் ஒரே மரத்தில் போனார்கள். பகல் பத்து மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூடப் போன மூன்று மரம் கரைக்கு வந்துவிட்டது. இவர்கள் வரவில்லை. மூன்றாம் நாள், கோவளத்துப் பக்கம் கட்டுமரத்தின் ஒரு கட்டை மட்டும் ஒதுங்கிக் கிடக்கிறது என்று ஆள் வந்து சொன்னார்கள். கட்டையின் நுனியில் தாத்தா கத்தியால் போட்டிருந்த மூன்று கோட்டை வைத்துத்தான் அவருடையது என்று தெரிந்தது.

அன்று ராத்திரிதான் அது நடந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குப்பத்தில் விடியற்காலை மூணு மணி என்பது ஊர் எழுந்திருக்கும் நேரம். தொழிலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வாசலாக நின்று, கூட்டாளியைப் பேர் சொல்லி எழுப்புவார்கள். நான் சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் புரண்டு படுப்பேன். அதனாலேயே எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ராத்திரி யார் கூப்பிட்டாலும் மூணு தரம் கூப்பிட்ட பிறகுதான் 'ஏன்' என்று கேட்க வேண்டும். மனுஷன் மூணு தரம் கூப்பிடுவான், மற்றது மூணாவது தரம் கூப்பிடாது.

அன்றைக்குக் குடிசையின் தட்டிக் கதவை வலைக் கயிற்றால் உள்பக்கமாகக் கட்டிவிட்டு, ஆயா பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துப் படுத்திருந்தாள். என் நைனாவுக்கு அப்போது 13 வயது. மழை விட்டிருந்தது. தட்டிக்கு வெளியே "இந்தாமே" என்று ஒரு குரல்.

ஆயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரே இருந்தது. 'இந்தாமே' என்று கூப்பிட ஒருவர்தான்.

எழுந்து போய்க் கயிற்று முடிச்சில் கையை வைத்தாள். மறுபடியும் "இந்தாமே". ஓலைத் தட்டியில் இடுக்கு இருக்கும், கண்ணை வைத்தால் வெளியே நிற்பது தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூணாவது தரத்துக்காகக் காத்திருந்தாள். ஈர நைலான் கயிறு, முடிச்சு உப்புத் தண்ணீரில் இறுகிக் கல் மாதிரி இருந்ததாம். அதை நகத்தால் நெருடிக்கொண்டே நின்றாளாம். இதைச் சொல்லும்போது இப்போதும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அப்படியே தேய்க்கிறாள். மூணாவது குரல் வரவே இல்லை. விடிந்ததும் வாசலில் எதுவும் இல்லை, மழை பெய்த மணல்தான்.

47 வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இந்தப் பங்குனியில்தான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "தொறந்திருக்கணுமா கண்ணு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் ஊரிலும் இந்த மூணு தரம் கணக்கு உண்டா? கடலில் போய்த் திரும்பாதவர்களின் குரலை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டபோது என்ன செய்தார்கள்? எனக்கு அதுதான் வேண்டும்.

நான் எதையும் பார்த்தவள் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது எனக்கு 14 வயது. அதற்குப் பிறகு சில நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தோம். இரண்டாம் ராத்திரி நடுச்சாமத்தில் யாரோ "தண்ணி வருது" என்று மெதுவாகச் சொன்னார்கள். கத்தவில்லை, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார்கள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொருவரும் தன் காதுக்குப் பக்கத்தில் கேட்டதாகச் சொன்னார்கள்.

இசிஆர் ரைடர்:

அக்கா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நீங்கள் சொல்லும் அதே உடைந்த பாலத்தில் ராத்திரி ஒரு பெண் உருவம் தெரியும் என்கிறார்களே, உண்மையா? நாங்கள் நாலு நண்பர்கள் அமாவாசை அன்று கேமராவோடு போகலாம் என்று இருக்கிறோம். எந்தப் பக்கமாக வந்தால் நல்லது?

ஊரூர் பேத்தி:

தம்பி, தயவுசெய்து ராத்திரியில் வராதீர்கள். பாலம் பாதியில் முடிந்து நேராக ஆற்றுக்குள் விழுகிறது. கீழே கழிமுகம், தண்ணீர் இழுக்கும் இழுப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பெண் உருவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அந்தப் பாலம் பட்டினப்பாக்கம் பக்கம் நடந்து போய்வர இருந்த வழி. அது உடைந்த பிறகு சுற்றிக்கொண்டு போனோம், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் போனவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள். எங்களுக்கு அவர்களுடைய பேர் தெரியும், யார் எந்தத் தெரு, யாருக்கு எத்தனை பிள்ளை என்று தெரியும். அந்த இடத்தில் ராத்திரி விளக்கு அடித்துக்கொண்டு கூச்சல் போட்டால் ஆயா தூங்க மாட்டாள். பகலில் வாருங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

காசிமேட்டுப் பெரியவர்:

தங்கச்சி, எனக்கு 66 வயது. பிறந்தது எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம், தொழில் பார்த்தது காசிமேட்டில். முதலில் மரம், பிறகு விசைப்படகு. பேரன்தான் இதை டைப் அடித்துத் தருகிறான்.

மூணு தரம் எங்களிடமும் உண்டு. எங்கள் ஆட்கள் அதற்கு மேல் ஒரு வழி வைத்திருந்தார்கள். பேர் சொல்லிவிட்டு, துடுப்புக் கட்டையால் வாசல் காலில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். குரல் எதற்கு வேண்டுமானாலும் இருக்கும், தட்டுகிற கை மனுஷனுக்குத்தான் இருக்கும் என்று என் அப்பா சொல்வார். அவர் போன பிறகு எனக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மகன் ஃபோனில் மிஸ்டு கால் கொடுத்துக் கூட்டாளியை எழுப்புகிறான், நான் இன்னும் தட்டத்தான் போவேன்.

உன் ஆயாவுக்கு மூன்றாம் ராத்திரி கேட்டது என்கிறாய். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. தண்ணீரில் போன உடம்பு இரண்டு மூன்று நாளில் உப்பித் தானாக மேலே வரும். அதனால் மூன்றாம் நாள் வரைக்கும் வீட்டில் அழமாட்டார்கள், கரையையே பார்த்திருப்பார்கள். 'கடல் தன்னுதுன்னு வச்சுக்காது' என்று சொல்லிச் சொல்லித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாளும் தாண்டிவிட்டால் கண் ஓய்ந்து போகும். அப்புறம் காதுதான் வேலை செய்யும். என் அம்மாவுக்கும் அப்படித்தான், என் தம்பி போனபோது. ஆனால் அம்மாவுக்குக் குரல் கேட்கவில்லை. வலை உதறுகிற சத்தம் கேட்டது. கொல்லைப் பக்கம் போய், "தம்பி, சாப்ட்டுட்டு ஒதறு" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தாள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

கண்ணால் பார்ப்பதற்கு எங்களிடம் காரணம் உண்டு. எண்ணூர்க் கழியோரம் சேற்றில் திடீரென்று நெருப்பு பற்றி அணையும், கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். சேற்றுக்குள் அழுகிக் கிடப்பதிலிருந்து வரும் வாயு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள், இருக்கலாம். கடலும் அப்படித்தான் எரியும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் அலை நீலமாக ஒளி விட்டதென்று சென்னையே போய்ப் போட்டோ எடுத்ததே, அதை நாங்கள் எங்கள் அப்பன் காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். தண்ணீரில் கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர் அது, அலைத்தால் ஒளி விடும். முதல் தடவை எனக்கு 15 வயது. இருட்டில் மரத்துக்குக் கீழே ஆள் நீளத்துக்கு ஒரு வெளிச்சம் கூடவே வந்தது. நான் அலறிவிட்டேன். அப்பா என் வாயைப் பொத்தி, "மீன் ஓடுது, வலையை விடு" என்றார். அன்றைக்குக் கிடைத்தது நல்ல பாடு, வலை நிறைய மீன். எந்த வெளிச்சம் எந்த மீன் என்று அவருக்குத் தெரியும்.

குரலுக்குத்தான் யாரும் காரணம் சொல்லித் தரவில்லை.

ஆமை நடை:

அக்கா, வணக்கம். நான் நர்சிங் படிக்கிறேன். மூன்று வருஷமாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை நடைக்குப் போகிறேன். 1988-லிருந்து மாணவர்கள் நடத்தி வருவது. ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாகவே நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தைத் தேடுவோம். முடிவதற்குள் விடிந்துவிடும். அதனால் உங்கள் குப்பத்தின் மூணு மணியை எனக்கும் கொஞ்சம் தெரியும்.

முதல் வருஷம் கொட்டிவாக்கம் தாண்டி இருட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நீளமாக, களைத்துப்போன பெண் விடுவது போல. நான் நின்றுவிட்டேன். மறுபடி அதே மூச்சு. டார்ச் அடிக்கக் கூடாது என்பது விதி. கண் பழகிய பிறகு பார்த்தால் பத்தடி தூரத்தில் மணலைத் தோண்டிக்கொண்டு ஒரு ஆமை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியேற்றும் என்று அண்ணன்கள் சொன்னார்கள். தெரிந்த பிறகும் அழுவது போலத்தான் இருந்தது. கடற்கரையில் ராத்திரிச் சத்தங்களில் பாதி மனுஷச் சத்தம் மாதிரியே இருக்கிறது. ஆட்காட்டிக் குருவி ஏதோ கேள்வி கேட்கும், நரி ஊளை குழந்தை அழுவது போல வரும்.

ஆனால் உங்கள் ஆயா கேட்டது இது எதுவும் இல்லை. ஐப்பசியில் ஆமை கரையேறாது. அதுவும் 'இந்தாமே' என்று எந்தப் பறவையும் கூப்பிடாது.

எங்கள் பாடத்தில் வந்த ஒன்றைச் சொல்கிறேன், ஆயாவுக்கு உதவலாம். வேல்ஸில் ரீஸ் என்ற மருத்துவர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை நேரில் பார்த்துப் பேசி 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்திருக்கிறது, பெரும்பாலும் போனவர் பக்கத்திலேயே இருப்பது போன்ற உணர்வு. நூற்றுக்கு 13 பேர் குரலையே கேட்டிருக்கிறார்கள். அது நோய் இல்லை என்றுதான் அவர் எழுதினார். பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. உங்கள் ஆயா 47 வருஷம் சொல்லாமல் இருந்தாள் என்று படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் இருந்த அத்தனை பாட்டிகளும் இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பழவேற்காடு:

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் 'என்ன செய்தார்கள்' என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சென்னைக்கு வடக்கே, ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பயம் காட்ட டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. வாசல் கல்லிலேயே எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள். நாங்கள் அதற்குப் பக்கத்திலேயே கோலி விளையாடியவர்கள். எங்கள் பயமெல்லாம் முகத்துவாரம்தான்.

என் தாத்தா காலத்தில், ஒரு ஆடி மாத ராத்திரி, தெருவில் ஒரு குரல் வந்திருக்கிறது. ஒவ்வொரு வாசலாக "அம்மா" என்று ஒரே ஒரு தரம். யாரும் திறக்கவில்லை. எல்லோரும் மூணுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீடு கடைசி வீடு. தாத்தா முதல் குரலிலேயே திறந்துவிட்டார். வாசலில் ஒரு ஆள், உடம்பெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, கோவணத்தோடு. திருவொற்றியூர்ப் பக்கத்துக்காரர். மரம் கவிழ்ந்து, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி மிதந்து வந்திருக்கிறார். ஒரு வாசலில் இரண்டாம் தரம் கூப்பிட அவருக்குத் தொண்டையில் ஈரம் இல்லை. பாட்டி கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து நனைத்து வாயில் பிழிந்தாளாம். பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் முதல் குரலுக்கே திறப்போம்.

உங்களைக் கஷ்டப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்.

ஊரூர் பேத்தி:

இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஆயா கேட்ட 'தொறந்திருக்கணுமா' அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பேய்க்குப் பயந்து அவள் கேட்கவில்லை. உயிரோடு வந்து நின்றவரைத் தான் திருப்பி அனுப்பிவிட்டோமோ என்றுதான் 47 வருஷமாக அவளுக்குப் பயம்.

காசிமேட்டுப் பெரியவர்:

தங்கச்சி, மனசைப் போட்டு உழப்பாதே. ஒரு கணக்குச் சொல்கிறேன் கேள். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரத் தண்ணீர் வடக்கேயிருந்து தெற்கே ஓடும். அதனால்தான் கட்டை கோவளத்தில் ஒதுங்கியது. பழவேற்காட்டுத் தம்பி சொன்னது ஆடி மாதம், அப்போது தண்ணீர் வடக்கே போகும். திருவொற்றியூர் ஆள் அங்கே சேர்ந்தது சரி. உன் தாத்தா கரையேறியிருந்தால் கட்டை போன திசையில்தான் ஏறியிருப்பார். அங்கிருந்து உங்கள் குப்பத்துக்கு ஏழெட்டுக் காதம் இல்லை என்றாலும் முப்பது கிலோமீட்டர் இருக்கும். நடுவில் எத்தனை குப்பம்! கட்டை வந்ததையே ஆள் விட்டுச் சொன்னவர்கள், ஆள் வந்ததைச் சொல்லாமல் இருப்பார்களா? வீட்டு வாசலுக்கு வந்தவர் தட்டியைப் பிடித்து இழுக்காமல் போவாரா? அது தட்டுகிற கை இல்லை. ஆயாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஊரூர் பேத்தி:

நேற்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பெரியவர் சொன்னதையும் பழவேற்காட்டு அண்ணன் எழுதியதையும் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்க மனசு வரவில்லை.

திருவொற்றியூர்க்காரர் பிழைத்தார் என்றதும் "நல்லா இருக்கட்டும்" என்றாள். உதட்டில் கஞ்சித் தண்ணி பிழிந்த இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். கட்டை, திசை, முப்பது கிலோமீட்டர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். அவளும் தொழிற்காரன் மகள்தானே, தண்ணீர் எந்த மாதம் எங்கே ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா. தலையை ஆட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. நான் மறந்துவிட்டாள் என்று நினைத்துச் சாப்பாடு எடுத்து வைக்க எழுந்தேன்.

"அது அவருதான்" என்றாள்.

எப்படி ஆயா தெரியும் என்று கேட்டேன்.

"உசுரோட இருந்தப்பவே மூணாந்தரம் கூப்பிட்டதில்லை. ரெண்டாந்தரத்துக்கே நான் எழுந்துடுவேன். அது அவருக்குத் தெரியும்."

இதை அவள் அழாமல் சொன்னாள். நான்தான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது இருப்பது கல் கட்டடம், இரும்புக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். நேற்று ராத்திரி அங்கேயே தங்கினேன். படுக்கப் போகும்போது வழக்கம்போலத் தாழ்ப்பாளைப் போட்டேன். பாயிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். எடுத்துவிட்டு, கதவைச் சும்மா சாத்தி வைத்தேன். மூணு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையனை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூணு தரம். அவன் எழுந்து போனான். ஆயா நல்ல தூக்கத்தில் இருந்தாள்.